சோழி வைத்துக் கணித்த கிரகணம்

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு. திண்டிவனத்தில் நம் வீட்டு மொட்டைமாடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். நிலவின் மீது புவியின் கருநிழல் 9 மணி 57 நிமிடத்துக்கு விழத் தொடங்கும் என்று நாளிதழ்கள் எழுதியிருந்தன; கைப்பேசியும் அதையே சொன்னது. வானில் மேகம். விலகுவதும் மூடுவதுமாக அது விளையாடிக்கொண்டிருந்தது. சரியாக அந்த நேரத்துக்கு ஒரு சாளரம் திறந்தாற்போல் மேகம் ஒதுங்க, நிலவின் விளிம்பில் ஒரு கறை படிந்திருப்பதைக் கண்டோம். குறித்த நிமிடத்தில் குறித்தது நடந்தது. பேருந்துகூட நம் ஊரில் அப்படி வருவதில்லை.

அந்த இரவில் நமக்கு நினைவுக்கு வந்தது வேறொரு சந்திர கிரகணம். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன், 1825 மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவில் நிகழ்ந்தது. அதை முன்கூட்டிக் கணித்துச் சொன்னவர் நாம் இருந்த மாடியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவுகூட இல்லாத புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு பஞ்சாங்கக்காரர். அவரிடம் கைப்பேசி இல்லை என்பது சொல்லாமலே விளங்கும். தாளும் எழுதுகோலுங்கூட இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, அவற்றை எடுத்தும் வைத்தும் நகர்த்தியும், வாய்க்குள் ஏதோ சொற்களை முணுமுணுத்தும் அவர் அதைக் கணித்தார்.

அருகில் அமர்ந்து பார்த்து அதை எழுதிவைத்தவர் ஜான் வாரன். பிறப்பால் பிரெஞ்சுக்காரர், பணியால் ஆங்கிலேயப் படை அதிகாரி. லாம்டனின் நில அளவைப் பணியில் உழைத்தவர். பின்னர்ச் சென்னை வானாய்வகத்தைச் சில ஆண்டுகள் கவனித்துக்கொண்டவர். கோலார்ப் பகுதியில் தங்கம் கிடைக்கிறது என்பதை முதலில் அறிக்கையாக எழுதிய ஆங்கிலப் படையதிகாரியும் இவரே. தங்கத்தைவிட நமக்கு முக்கியமானது, 1825இல் சென்னையில் அச்சான 'காலசங்கலிதம்' என்ற அவரது பெருநூல். தென்னிந்தியர் ஆண்டையும் மாதத்தையும் நாளையும் எப்படிக் கணக்கிடுகின்றனர் என்பதை ஐரோப்பியருக்கு விளக்க எழுதப்பட்டது. அந்த நூலில்தான் நம் பஞ்சாங்கக்காரர் வருகிறார்.

வாரன் கணக்கின் பிழையையும் குறித்திருக்கிறார். கிரகணத்தின் தொடக்கத்தில் ஏறத்தாழ 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். நம் பழைய அளவையில் சொன்னால் தொடக்கத்தில் பத்து விநாழிகை, நடுவில் ஒரு நாழிகைக்குச் சற்றுக் குறைவு, முடிவில் இரண்டு நாழிகைக்கு மேல். எழுதாமல், வரையாமல், சோழியை மட்டும் கொண்டு கணித்தவருக்கு இது சிறு பிழையா பெரும் பிழையா என்பதை வாசகர் தீர்மானிக்கட்டும். வாரனின் மற்றொரு குறிப்புத்தான் நம்மை நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. இந்த மனிதருக்கு வானியல் கோட்பாடு ஒரு சொல்லும் தெரியாது, நினைவாற்றல் மட்டுமே மிகுதி என்கிறார் அவர். கணக்குத் தெரியும், எதைக் கணக்கிடுகிறோம் என்பது தெரியாது.

தமிழ் இலக்கியம் கற்பிக்கும் நமக்கு இந்தக் குறிப்பு சுடுவதற்குக் காரணம் உண்டு. கோனார் உரையை வரிபிசகாமல் ஒப்பிக்கும் மாணவரைக் 'கிளிப்பிள்ளை' என்று வகுப்பில் நகையாடிப் பழகியவர்கள் நாம்.

அந்த முணுமுணுப்பு என்னவென்று பார்ப்போம். தமிழகத்திலும் கேரளத்திலும் வழங்கிய வாக்கிய முறை அது. நிலவு ஒரே வேகத்தில் நகர்வதில்லை. புவிக்கு அருகில் வரும்போது விரைந்தும், விலகும்போது தயங்கியும் செல்கிறது. விரைவு, தயக்கம், மீண்டும் விரைவு என்ற இந்தச் சுற்றுக்கு 27 நாளும் சற்றேறக்குறைய 13 மணி நேரமும் ஆகும். இத்தகைய ஒன்பது சுற்றுகள் முடிய ஆகும் நாள் 248. பிசிறு மிகமிகச் சிறியது. ஆகவே 248 நாளுக்கு நிலவின் இருப்பிடத்தை ஒருமுறை கணித்துவைத்துவிட்டால், 249ஆம் நாள் முதல், சுழற்சிக்குரிய ஒரு நிலையான அளவைக் கூட்டிக்கொண்டு, அதையே திரும்பவும் எடுத்தாளலாம். அப்படிக் கணித்த 248 இடங்களையும் 248 சிறு வடமொழித் தொடர்களாக்கினர். அவற்றை வரருசியின் பெயரால் வழங்குவர். ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். உதாரணமாகத் 'தேவர' என்ற சொல்லை எடுத்துக்கொள்க. தே என்றால் 8, வ என்றால் 4, ர என்றால் 2. வலமிருந்து இடமாக வாசித்தால் 248! நாள்கணக்கின் பெயரே அதன் எண்ணாகவும் அமைந்துவிட்டது. (தமிழ் நெடுங்கணக்கில் இந்த விளையாட்டுச் செல்லாது. நான்கு தகரமும் வேண்டும். நமக்கிருப்பது ஒன்றே.)

ஆக, பஞ்சாங்கக்காரர் செய்தது இதுதான். கலியுகத் தொடக்கத்திலிருந்து கடந்துபோன நாள்களை எண்ணினார். அதிலிருந்து வழிவழியாக வந்த ஒரு பேரெண்ணைக் கழித்தார். எஞ்சியதில் 12,372ஐயும் 3,031ஐயும் 248ஐயும் எத்தனை முறை நீக்க முடியுமோ அத்தனை முறை நீக்கினார். கடைசியில் நின்ற எண்தான் அன்றைக்குரிய வாக்கியத்தின் எண். அந்த வாக்கியத்தை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லி, நீக்கிய சுழற்சிகளுக்குரிய நிலையான அளவுகளையும் கூட்டினால் நிலவு நிற்கும் இராசியும் பாகையும் கலையும் வந்துவிடும். கழிப்பதற்கும் வகுப்பதற்கும் சோழி. கிரகணத்துக்கு ஞாயிற்றின் இருப்பும் இராகுவின் இருப்பும் இன்னும் சில திருத்தங்களும் வேண்டும். அவற்றுக்கும் இவ்வாறே மனனமான வாய்பாடுகள் இருந்தன. இம்முறையை விளக்கும் 'வாக்கியகரணம்' என்ற நூல் 1300ஐ ஒட்டித் தமிழகத்தில் எழுந்தது. டி. எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் சுந்தரராஜரின் உரையோடு அதைப் பதிப்பித்து 1962இல் சென்னையில் வெளிவரச் செய்தனர்.

வாரனுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே இன்னொரு பிரெஞ்சுக்காரர் இதே புதுச்சேரியில் இதே கலையைக் கண்டு வியந்திருக்கிறார். அவர் லெ ஜாந்தில். அவர் கதையைக் கேட்டால் கல்லும் இரங்கும். ஞாயிற்றின் முகத்தை வெள்ளி கடந்துசெல்லும் அரிய நிகழ்வைக் காண 1760இல் பிரான்சை விட்டுப் புறப்பட்டார். 1761 ஜூன் 6 அன்று புதுச்சேரியிலிருந்து அதைக் காண்பது திட்டம். அதற்குள் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துக்கொண்டனர். அன்று அவர் நடுக்கடலில், ஆடும் கப்பலில் இருந்தார். அடுத்த கடப்பு 1769 ஜூனில். திரும்பிப் போகாமல் எட்டாண்டு இந்தியப் பெருங்கடற்பகுதியிலேயே காத்திருந்தார். 1768இல் புதுச்சேரி வந்து வானாய்வு மேடை கட்டினார். குறித்த நாள் காலையில் மேகம் மூடிக்கொண்டது. 1771இல் ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகவே முடிவுசெய்து உறவினர் சொத்தைப் பங்குபோட முனைந்திருந்தனர்; அறிவியற்கழகத்தில் அவர் இருக்கையும் பிறருக்குப் போயிருந்தது. வெள்ளியைக் காணாத அந்த மனிதர் புதுச்சேரியிலிருந்து கொண்டுபோன செல்வம், தமிழ்க் கணியரிடம் கற்ற கிரகணக் கணக்குத்தான். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழரின் கணக்கு 41 விநாடி குறைந்ததாகவும், அன்றைய ஐரோப்பாவின் தலைசிறந்த அட்டவணையான டோபியாஸ் மேயருடையது 68 விநாடி மிகுந்ததாகவும் அவர் பதிவுசெய்தார்.

இந்தச் செய்தியைக் கேட்டதும் நம்மவர் மார் விம்மும். நமக்கும் விம்மியது. ஆனால் ஒரே கிரகணத்தை வைத்து ஒரு முறையை எடைபோடுவது ஒரே செய்யுளை வைத்து ஒரு புலவரை எடைபோடுவதாகும். 41 விநாடியை மேடைதோறும் முழங்குவோர் 52 நிமிடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு தன்வெட்கத்தையும் பதிவுசெய்துவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டத்தில், நிலத்தையும் பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்று தொல்காப்பியர் சொன்னது ஐன்ஸ்டைனின் கால-வெளிக் கொள்கையே என்று நாம் பேசினோம். கைதட்டல் பலமாக இருந்தது. முல்லைக்கு மாலையும் குறிஞ்சிக்கு யாமமும் உரியவை என்பது பாட்டில் உணர்ச்சி எங்கே எப்போது முளைக்கும் என்பதைப் பற்றிய நுட்பமான அறிவு. அது இயற்பியல் அன்று. இயற்பியலாக இருக்க வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. கூட்டம் முடிந்ததும் நம் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஒருவர் அருகில் வந்து, மிகுந்த மரியாதையோடு, "ஐயா, ஐன்ஸ்டைனை விட்டுவிட்டால் உங்கள் பேச்சு இன்னும் நன்றாக இருந்திருக்கும்" என்றார். அன்று தொடங்கியது நட்பு. இருவரும் திண்டிவனத்தில் குடியிருந்து விழுப்புரத்துக்குத் தொடர்வண்டியில் போய்வருபவர்கள். இக்கட்டுரையில் இயற்பியல் பற்றி வரும் எதுவும் அந்தப் பயணங்களில் அவரிடம் கேட்டுக் கற்றதே. பிழை இருந்தால் நம்முடையது.

ஒருநாள் காலை வண்டி விழுப்புரம் சந்திப்புக்குள் நுழையும்போது நடைமேடைக் கடிகாரத்தைக் காட்டி, "சார், இது எந்த ஊர் நேரம்?" என்று கேட்டோம். விளையாட்டாகத்தான் கேட்டோம். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு திண்டிவனத்தில் உச்சிக்கு வந்து ஏறத்தாழ 40 விநாடி கழித்துத்தான் விழுப்புரத்தில் உச்சிக்கு வருகிறது. சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் மூன்று நிமிட வேறுபாடு. இருப்புப்பாதை வருமுன் ஒவ்வோர் ஊரும் தன் நிழலைப் பார்த்தே தன் நண்பகலை அறிந்தது. அதனால் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. 1870களின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து தெற்கே போன பாதை திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தொட்டது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளை பிரிந்தது. ஊருக்கொரு நேரம் இருந்தால் ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வண்டிகள் மோதிக்கொள்ளும். எனவே சென்னை வானாய்வகத்தின் நேரமே இந்திய இருப்புப்பாதைகளின் நேரமாயிற்று. அது கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906 ஜனவரி 1 முதல் 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம், அதாவது இன்றைய ஐந்தரை மணி நேரக் கணக்கு, வந்தது. சென்னைக் கடிகாரங்கள் ஒன்பது நிமிடம் முன்னே தள்ளிவைக்கப்பட்டன. அன்றிலிருந்து விழுப்புரத்தில் ஞாயிறு சராசரியாக 12 மணி 12 நிமிடத்துக்குத்தான் உச்சி காண்கிறது.

"இன்றைக்கு அந்த நேரம் சூரியனிடமிருந்தும் வரவில்லை ஐயா, அணுவிடமிருந்து வருகிறது" என்றார் பேராசிரியர். 1967இல் உலக நாடுகள் கூடி விநாடிக்குப் புது இலக்கணம் வகுத்தன. சீசியம் 133 என்ற அணுவின் இரு நிலைகளுக்கிடையே நிகழும் மாற்றத்துக்குரிய கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிர்ந்தால் ஒரு விநாடி. தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் இத்தகைய அணுக்கடிகாரங்களைக் கொண்டே இந்திய நேரத்தைக் காக்கிறது. நம் கைப்பேசி 9 மணி 57 நிமிடம் என்று சொன்னதற்குப் பின்னால் நிற்பது குவாண்டம் இயற்பியல்.

அதே 1967இல் டிவிட் என்ற அமெரிக்க இயற்பியலர் பேரண்டம் முழுவதற்குமான ஒரு குவாண்டம் சமன்பாட்டை வெளியிட்டார். அதில் காலம் என்பதே இல்லை. குவாண்டம் இயக்கவியலில் காலம் வெளியிலிருந்து கொடுக்கப்படுவது. பொருளின் இடத்தை, வேகத்தை, ஆற்றலை அளந்து பெறுவதுபோல அதைப் பெற வழியில்லை. நாடகக் கொட்டகைக்கு வெளியே தொங்கும் கடிகாரம்போல அது இருக்கிறது. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலிலோ காலமும் மேடையேறி ஆடுகிறது, வளைகிறது, நிறையருகே மெதுவாகிறது. இரண்டையும் ஒன்றாக்கப் போனால், வெளியே தொங்கவும் முடியாமல் உள்ளே ஆடவும் முடியாமல் காலம் காணாமற்போகிறது. விநாடியைப் பத்து இலக்கம்வரை துல்லியமாகத் தேடும் மனிதகுலம், எது ஓடுகிறது என்று கேட்டால் விழிக்கிறது. ஒரே ஆண்டில் இவ்விரண்டும் நடந்திருப்பதை எண்ணி அன்று விழுப்புரத்தில் இறங்க மறந்திருப்போம். வண்டி அங்கேயே நின்றுவிடுவது என்பதால் தப்பினோம்.

குவாண்டம் இயற்பியலின் புதிர் காலத்தோடு நிற்பதில்லை. எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக இரு பிளவுகளை நோக்கி ஏவினால், ஒவ்வொன்றும் திரையில் ஒரே புள்ளியில் விழுகிறது. அடுத்தது எங்கே விழும் என்று யாராலும் சொல்ல இயலாது. ஆயிரக்கணக்கில் விழுந்தபின் பார்த்தால் அலைகள் கலந்ததுபோன்ற வரிகள் தெரிகின்றன. எந்தப் பிளவு வழியே போனது என்று வேவுபார்த்தால் வரிகள் மறைந்துவிடுகின்றன. 1926இல் ஷ்ரோடிங்கர் அலைச் சமன்பாட்டைத் தந்தார். அந்த அலை எதன் அலை என்று அவருக்கே தெளிவில்லை. அதே ஆண்டில் மாக்ஸ் போர்ன், அலையின் வீச்சை இருபடியாக்கினால் நிகழ்தகவு கிடைக்கும் என்றார். இருபடி என்ற அந்த முக்கியமான திருத்தத்தை அவர் எழுதியது கட்டுரையின் அடிக்குறிப்பில்! உரையாசிரியர்களின் அடிக்குறிப்புகளை அலட்சியம் செய்யும் மாணவருக்கு இதைச் சொல்லிவருகிறோம். அன்றுமுதல் இன்றுவரை அந்த விதி ஒருமுறையும் பொய்த்ததில்லை. ஆனால் ஏன் இருபடி, ஏன் நிகழ்தகவு, அளக்கும் கணத்தில் என்ன நடக்கிறது? இவற்றுக்கு ஒருமித்த விடை இல்லை. ஐன்ஸ்டைன் 1935இல் இக்கொள்கை முழுமையற்றது என்று வாதிட்டார். நீல்ஸ் போர் மறுத்தார். இயற்கை உண்மையில் எப்படி இருக்கிறது என்பதன்று, அதைப் பற்றி நம்மால் என்ன சொல்ல முடியும் என்பதே இயற்பியலின் வேலை என்பது போரின் நிலைப்பாடு. 1964இல் ஜான் பெல் அந்த வழக்கைச் சோதனையால் தீர்க்க வழி கண்டார். அச்சோதனைகளைச் செய்த மூவருக்கு 2022இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஐன்ஸ்டைன் எதிர்பார்த்த வகையிலான விளக்கம் நில்லாது என்று ஆயிற்று. எந்த விளக்கம் நிற்கும் என்பது இன்னும் முடியவில்லை. பொருள் கேட்காதே, கணக்கைப் போடு என்ற மனநிலையே பெரும்பாலான வகுப்பறைகளில் நிலவுவதாகப் பேராசிரியர் சொன்னார்.

"அப்படியென்றால்..." என்று நாம் இழுத்தோம். அவரே முடித்தார்: "ஆமாம் ஐயா. நாங்களும் சோழி வைக்கிறவர்கள்தாம்."

அந்த நீல்ஸ் போர் 1960 ஜனவரியில் சென்னைக்கு வந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. மயிலாப்பூர்ப் பக்கத்தில் 'ஏகாம்ர நிவாஸ்' என்ற தம் வீட்டில் இளைஞர்களைக் கூட்டி வைத்துக் கோட்பாட்டு இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தார் அல்லாடி இராமகிருஷ்ணன். அந்தக் குழுவைக் கண்ட போர் அதைப் பாராட்டிப் பேச, அது நேருவின் காதுக்கு எட்டியது. 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் சென்னையில் பிறந்தது. தொடங்கிவைத்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

1980களில் அந்நிறுவனத்துக்கு இயக்குநராக வந்தவர் இ. சி. ஜி. சுதர்சன். கோட்டயத்தருகே பிறந்து, நம் இருப்புப்பாதையிலேயே உள்ள தாம்பரத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர். காலத்தைப் பற்றிய குவாண்டம் புதிர்களில் நம்மை மிகவும் திகைக்கவைத்தது அவருடையது. 1977இல் பைத்யநாத் மிஸ்ராவோடு சேர்ந்து அவர் காட்டியது இது: ஒரு நிலையில் இருக்கும் குவாண்டம் பொருளை இடைவிடாது பார்த்துக்கொண்டே இருந்தால் அது மாறாது, காலம் அதற்கு நின்றுவிட்டாற்போல் ஆகும். அடுப்பில் பாலை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றால் பொங்காது, கண்ணை எடுத்ததும் பொங்கி வழியும் என்பது நம் வீட்டு அனுபவம். அங்கே அது மனமயக்கம். இங்கே அது கணக்கு. குவாண்டம் பொருள் தொடக்க நிலையைவிட்டு மாறும் வாய்ப்பு, தொடக்கத்தில் நேரத்தின் இருபடியாக வளர்கிறது. குறித்த நேரத்தில் மாறும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றால், பாதி நேரத்தில் அது இருநூற்றில் ஒன்றன்று, நானூற்றில் ஒன்று. பாதியில் ஒருமுறை பார்த்துவிட்டால் பொருள் பழைய இடத்திலிருந்தே மீண்டும் தொடங்கும். இரு பாதிக்கும் சேர்த்து இருநூற்றில் ஒன்று. பத்துமுறை பார்த்தால் ஆயிரத்தில் ஒன்று. பார்க்கப் பார்க்க வாய்ப்புக் கரைகிறது. ஓடும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் நிற்கிறது என்று வாதிட்ட கிரேக்க ஜீனோவின் பெயரையே இதற்கு இட்டனர். 1990இல் அமெரிக்காவின் போல்டரில் ஏறத்தாழ 5,000 பெரிலிய அயனிகளை மின்காந்தப் பொறியில் பிடித்துவைத்துச் சோதித்தபோது கணக்குப் பலித்தது.

பலித்தது, சரி. பார்ப்பது என்றால் என்ன? யார் பார்த்தால் பார்ப்பதாகும்? கணக்கு அதைச் சொல்வதில்லை. புதுச்சேரிக்காரரின் சோழிகளும் இராகு யார் என்று சொல்லவில்லை.

இந்த ஒப்புமை நமக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வாரனுக்கு நல்ல விடை கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தோம். கோட்பாடு தெரியாமல் கணிப்பது இழிவானால் உலகத்தின் உயர்ந்த அறிவியலே இழிவாகிவிடுமே! கட்டுரையை அத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் கட்டுரையின் முதற்படியை வாசித்த பேராசிரியர், தாம் சொன்னதைத் தாமே மறுத்தார். "52 நிமிடத்தை என்ன செய்வது ஐயா? அவர் கணக்கு தப்பியபோது எங்கே தப்பியது என்று அவரால் தேட முடியுமா?"

முடியாது. அங்கேதான் ஒப்புமை நொண்டுகிறது. அலைக்குப் பொருள் தெரியாவிட்டாலும் சமன்பாடு எங்கிருந்து வந்தது, எதை மாற்றினால் எது மாறும் என்று இயற்பியலருக்குத் தெரியும். நாளை ஒரு சோதனை பொய்த்தால் தேடத் தொடங்க அவர்களுக்கு இடம் உண்டு. வாக்கியத்தை மட்டும் பெற்றவருக்கு அது இல்லை. 248 வாக்கியத்தில் ஒன்று சிதைந்தாலும் இன்னொருவர் வாயிலிருந்துதான் திருத்த வேண்டும், வானத்திலிருந்தன்று. இது அந்தத் தனிமனிதரின் குற்றமன்று. கேரளத்தின் பரமேசுவரர் கிரகணங்களைப் பல்லாண்டு நேரிற்கண்டு 1431இல் 'திருக்கணிதம்' என்ற திருத்தமுறையை வகுத்தவர். மரபுக்குள்ளேயே திருத்தும் கை இருந்தது. புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரரிடம் வந்து சேரும்போது அந்தக் கை எங்கோ விடுபட்டிருந்தது.

விடுபட்டதை மீண்டும் சேர்க்கப் பார்த்தவரும் நம்மவரே. சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றியவர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். வானில் கண்டதோடு ஒத்துப்போகும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை அவர் வெளியிட்டார். 1874இல் வெள்ளிக் கடப்பு வந்தபோது, பழைய கணக்கிலேயே நிற்கும் பண்டிதரும் புதிய கணக்கறிந்த சித்தாந்தியும் உரையாடுவதாக ஒரு சிறு நூல் எழுதினார்; அது இந்திய மொழிகளிலும் வந்தது. லெ ஜாந்தில் காணாத வெள்ளியைத் தம் மக்களுக்குக் காட்ட முயன்ற அவரை நம் பாடநூல்கள் இன்னும் சரிவர அறியவில்லை. 1880இல் அவர் மறைந்தார்.

வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் இடையிலான வழக்கு இன்றும் முடியவில்லை என்பதை வாசகர் அறிவர். திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17இல் சனி பெயர்ந்தது. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. திருநள்ளாற்றில் விழா எடுத்தது அன்றுதான். ஒரே கோள், பதினொரு மாத இடைவெளி. பெயர்ச்சியால் நன்மை தீமை விளையுமா என்பது நம் பேச்சன்று. தொலைநோக்கி வைத்துப் பார்க்கக்கூடிய ஒரு கோளைப் பற்றி இரு கணக்குகள் அருகருகே வாழ முடிகிறது என்பதுதான் வியப்பு.

இதையெல்லாம் அறிந்த பின்பும் அந்தச் சோழிக்காரரைக் கிளிப்பிள்ளை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. ஆட்டோ நியூகெபாவர் என்ற கணித வரலாற்றறிஞர் 1952இல் தமிழ் வானியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வாரனின் குறிப்பைப் படித்த அவர் 52 நிமிடத்தைப் பொருட்படுத்தவில்லை. அவர் கண் நிலைத்தது 248இல். பாபிலோனியக் களிமண் ஏடுகளில், கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில், நிலவுக்கு இதே 248 நாள் கணக்கு இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரரிடமும் அதன் தடம் உண்டு. அந்த ஏடுகள் மண்ணுக்குள் புதைந்து, எழுதிய மொழி இறந்து, படிப்போர் அற்றுப்போன பின்னும், அந்தக் கணக்கு 1825இல் புதுச்சேரியில் ஒரு மனிதரின் வாயில் உயிரோடு இருந்தது. பொருள் தெரியாமல் சுமந்தார் என்பது உண்மை. ஓலைச்சுவடியில் எழுதியது என்னவென்று அறியாமல் பரணில் காத்துவைத்த குடும்பங்கள் இல்லையென்றால் உ.வே.சா.வுக்கு என்ன கிடைத்திருக்கும்?

அவர் பெயரை வாரன் எழுதியிருக்கிறார். ஆங்கில எழுத்தில் உள்ளதை அப்படியே ஒலித்தால் 'சாமி நாடென் சாஷியா' என்று வருகிறது. சாமிநாத சேஷையாவாக இருக்கலாம். சாமிநாதன் என்ற பெயரும் சாஸ்திரி என்ற பட்டமும் ஒரு பிரெஞ்சுச் செவிக்குள் புகுந்து வெளிவந்த கோலமாகவும் இருக்கலாம். பிறந்த ஊர், ஆசிரியர், பிள்ளைகள் பற்றி அந்நூலில் ஒன்றும் இல்லை. நிலவின் இருப்பைக் கலை சுத்தமாகச் சொன்னவரின் பெயர் நமக்குக் கலை சுத்தமாக வந்து சேரவில்லை.

2028 டிசம்பர் 31 இரவு இந்தியாவில் முழுச் சந்திர கிரகணம் தெரியும். அதைச் சோழி வைத்துக் கணிப்பது என்று நாமும் பேராசிரியரும் முடிவுசெய்திருக்கிறோம். திருத்தங்களை அவர் பார்த்துக்கொள்வார். வாக்கியங்கள் நம் பொறுப்பு. புதுச்சேரியில் சோழி வாங்கியாயிற்று. 248இல் இதுவரை மனனமானவை பதினொன்று.